பதினொரு மணிக்கு வந்துவிடும் விமானம்

முப்பது வருஷம் லாரி ஓட்டி ஓய்ந்தவர் அவர். எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரு விமான டிக்கெட்டில் கோட்டை விட்டார்.

வெளிநாட்டில் இருக்கும் மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. பார்த்துக்கொள்ள மனைவி தனியாகக் கிளம்பினாள். விடியற்காலை ஐந்துக்குப் புறப்பாடு, பதினொன்றுக்குப் போய்ச் சேரும் என்று டிக்கெட்டில் போட்டிருந்தது. ஆறு மணி நேரம்தானே என்று தெம்பாக வழியனுப்பிவிட்டு வந்தார்.

பதினொன்று ஆயிற்று. போன் வரவில்லை. பன்னிரண்டுக்கு மேல் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசலுக்கும் சமையலறைக்குமாக நடந்து பார்த்துவிட்டு மருமகனைப் போனில் கூப்பிட்டார்.

“என்ன மாப்ள, வண்டி இன்னும் வரலையா? வழியில ஏதும் பிரேக்டவுனா?”

“மாமா, அது எங்க ஊர்க் கடிகாரத்துக்குப் பதினொன்னு. இங்க இன்னும் விடியவே இல்ல. மொத்தம் பதினஞ்சு மணி நேரம். அத்தை இறங்குறப்போ உங்களுக்கு ராத்திரி எட்டு ஆயிடும்.”

“அவ்வளவு தூரமா?”

“பதிமூணாயிரம் கிலோமீட்டர் மாமா.”

போனை வைத்துவிட்டு, பழக்கதோஷம், கணக்குப் போட்டார். அவருடைய லாரிக்கு அது ஒரு மாச ஓட்டம். அப்படி மாசக்கணக்கில் போய்த் திரும்பியதும் உண்டு. வழியில் ஒரு போன் கிடையாது. “போய்ச் சேர்ந்ததும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?” என்று மனைவி கேட்டால், “வந்துட்டேன்ல, அப்புறம் என்ன?” என்பார். ஏதோ பெரிய பதில் சொல்லிவிட்டதாக நினைப்பு வேறு. “சாப்பிட்டியா?” என்று மட்டும் கேட்பார். “ஆச்சு” என்பாள். அதையும் நம்பிக்கொண்டு கை கழுவப் போவார்.

எட்டு மணி ஆயிற்று. ஒன்பதரையும் ஆயிற்று. கோபம் பாதி, பயம் பாதியாக அவரே மறுபடி மருமகனுக்குப் போன் அடித்தார். மனைவிதான் எடுத்தாள். பின்னால் குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது.

“வந்து சேர்ந்துட்டேங்க. பிள்ளையக் கையில வாங்கினேனா, எல்லாமே மறந்துபோச்சு. அதான் வந்துட்டேன்ல, அப்புறம் என்ன?”

அவள் குத்திக்காட்டவில்லை. சந்தோஷத்தில் தானாக வாயில் வந்துவிட்டது. அவருக்குத்தான் உறைத்தது.

“ஒரே ஒரு நாளு. எனக்கு உயிர் போயிட்டு வந்துச்சு. நீ எப்படிம்மா இருந்த, அத்தனை வருஷமும்?”

“இந்தா, பிள்ளையக் கொஞ்சம் பிடி” என்று அவள் மகளிடம் சொல்வது கேட்டது.

“இருந்தேன், எப்படியோ. நீங்க சாப்பிட்டீங்களா?”

அவள் சமைத்து மூடிவைத்துவிட்டுப் போன பாத்திரம் திறக்கப்படாமல் அப்படியே இருந்தது.

“ஆச்சு” என்றார்.

“நானும் இப்படித்தான் சொல்லுவேன்” என்றாள் அவள். “போய்த் தட்டை எடுத்து வைங்க. நீங்க சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் நான் போனை வைக்க மாட்டேன்.”