சுடலைராஜின் பன்னிரண்டாவது சாவு

சென்னையில் எட்டாவது மாடி, கண்ணாடிக் கட்டடம், பெரிய கம்பெனி ஒன்றின் நிதிப் பிரிவு. சங்கரன்கோவில் சுடலைராஜ் அங்கே பதினைந்து வருடம் பட்ஜெட் போட்டான். அவன் தும்மினால் மும்பை ஆபீசில் நாலு பேருக்கு லீவு ரத்தாகும். அப்பேர்ப்பட்டவன் ஒரு திங்கட்கிழமை ராஜினாமாக் கடிதத்தை நீட்டிவிட்டு சினிமாவில் நடிக்கப் போனான். அன்றோடு அப்பா பொன்னுச்சாமி அவனிடம் பேச்சை விட்டார்.

முதல் படத்தில் பிண வேடம். மூச்சை ரொம்ப நன்றாக அடக்கித் தொலைத்தான், அதுதான் வினை. நாலு வருடமாகப் பிணமாகவே கூப்பிட்டார்கள். மூக்கில் ஈ குடித்தனம் வந்து, பிள்ளை பெற்று, பேர் வைத்தாலும் அசையமாட்டான் என்று பேர் வாங்கினான். ஒரு வசனம் பேசிவிட்டால் போதும், அப்பா முன்னால் போய் நிற்கலாம் என்று காத்திருந்தான்.

பன்னிரண்டாவது பிணத்துக்குக் குருவிகுளம் பக்கம் படப்பிடிப்பு. சொந்த ஊருக்கு இத்தனை அருகே வந்தும் அவன் வீட்டுக்குச் சொல்லவில்லை. ஆனால் சாவு வீடு என்றால் தெருமுக்கில் கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ் வேண்டாமா? அவன் முகத்தை ஆளுயரத்துக்கு அடித்து, கீழே கதைப்படி வேறு பேர் போட்டுக் கட்டிவிட்டார்கள். சங்கரன்கோவிலிலிருந்து சவாரி வந்த ஆட்டோக்காரர் மைதீன் பாட்சா முகத்தைப் பார்த்தார், பேரைப் பார்க்கவில்லை. வண்டியைத் திருப்பி நேரே பொன்னுச்சாமி வீட்டில் நிறுத்தினார்.

கேமரா எதிர்மாடியில் மறைந்திருந்தது. கீழே பந்தல், ஒப்பாரி, பெஞ்சில் மாலையோடு சுடலைராஜ். அழுகைக்கு நடுவே ஒரு குரல் அவன் காதைக் கிழித்தது.

"ஏ மக்கா! எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம இங்கன கொண்டாந்து போட்டுட்டாங்களே! நான்தான் பேசலை, நீயாவது வந்து ரெண்டு ஏச்சு ஏசியிருக்கக் கூடாதாலே?"

நெஞ்சில் அப்பாவின் தலை மோதியது. கண்ணைத் திறந்தால் அவர் பிழைப்பார், ஷாட் போய்விடும். பழகிய உடம்பு அசையவில்லை.

"கட்! பிரமாதம்!"

அவன் எழுந்து உட்கார்ந்தான். மூக்கில் பஞ்சு. பொன்னுச்சாமி பின்னால் நகர்ந்து, கேமராவை ஒருதரம் பார்த்தார், மகனை ஒருதரம் பார்த்தார்.

"நான் கத்துனது கேட்டுச்சாலே?"

"கேட்டுச்சுப்பா."

"கேட்டுக்கிட்டா கெடந்தே?"

உதவி இயக்குநர் ஓடி வந்தான். "ஐயா, இதே மாதிரி குளோசப்ல இன்னொரு தடவை அழுவீங்களா?"

பொன்னுச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டார். "பாட்சா, வண்டிய எடுவே."

ஆட்டோ கிளம்பியது. பிணமாக நடித்தவர் தோஷம் கழிய கேமராவைப் பார்த்து ஒருமுறை சிரிக்க வேண்டும், அது சினிமாக்காரர் வழக்கம். "சிரிங்க சார்," என்றார்கள். மூன்று டேக் போனது. நாலாவதில் பல் தெரிந்தது. அது போதும் என்று கேமராமேன் விளக்கை அணைத்துவிட்டார்.