சந்தனம் வைத்த பேட்டரி

பழைய கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் முதலில் பேட்டரியைப் பார், பிறகு பெட்ரோலைப் பார் என்பார்கள். ராஜபாளையத்தில் இருபது வருடமாக பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டிருக்கும் நான், முதலில் முன்சீட்டில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள் என்பேன். சாவியைத் திருப்பிவிட்டுச் சாமியைக் கூப்பிடும் என்னருமைப் பழைய கார்க்காரர்களே, மம்சாபுரம் சுப்பையா அண்ணாச்சியின் வெள்ளைக் காரைப் பற்றிச் சொன்னால் உங்களுக்குப் புரியும்.

ஓடாமலே இறங்கியது

அண்ணாச்சி பட்டாளத்தில் லாரி ஓட்டி ரிட்டயர் ஆனவர். ஆடி மாதம் ஒருநாள் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் கார் வேப்பமரத்தடியில் நிற்கிறது, சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லை. பேட்டரி சுத்தமாக இறங்கியிருந்தது. பத்து நாளாக வண்டியை எடுக்கவே இல்லை என்றார் அவர். எலி கடித்த வயர் ஏதாவது இருக்கிறதா என்று நானும் காரைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

அவர் மனைவி கோமதி அக்காதான் காபியோடு விஷயத்தையும் கொண்டுவந்தார். தினமும் சாயங்காலம் இருவரும் காருக்குள் ஏறி, கண்ணாடியை இறக்கி, ரேடியோவை மெதுவாக வைத்துக்கொண்டு, எதிரே மலையில் மேகம் இறங்குவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்களாம். வண்டி ஓர் அடி நகராது. ரேடியோ மட்டும் பேட்டரியைக் குடித்துக்கொண்டிருக்கும். ஏன் இப்படி என்று கேட்டேன். அக்கா குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்: "வீட்டுக்குள்ள அவிய பேசுறது 'ம்', 'சரி' அம்புட்டுதான் தம்பி. ஸ்டியரிங்கப் புடிச்சாத்தான் வாயே தெறக்கும்."

சேத்தூர் ரோட்டில்

ஆவணியில் சேத்தூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போய் இருவரும் திரும்பும்போது உச்சி வெயிலில் கார் நின்றுவிட்டது, என்னைக் கூப்பிட்டார்கள். கரண்டு இருக்கிறது, பெட்ரோல் இருக்கிறது, ஆனால் பெட்ரோல் மேலே ஏறவில்லை. சூட்டில் பம்புக்குள் ஆவி அடைத்துக்கொண்டிருந்தது. என் துண்டை நனைத்து பம்பின்மேல் சுற்றிவிட்டு, ஆறட்டும் என்று புளியமர நிழலில் சாய்ந்தேன். காற்றில் தென்னை ஓலைகள் அசைவதைப் பார்த்துக் கண் சொருகியது. காருக்குள் ஒரு மெல்லிய பேச்சுச் சத்தம். இடையிடையே அக்காவின் சிரிப்பு.

வண்டி ஸ்டார்ட் ஆனதும் அண்ணாச்சி முகம் மறுபடி இறுகிவிட்டது. கல்யாண வீட்டுக்காரர்கள் எல்லாரும் கடந்து போகும்போது கையை ஆட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள், பட்டாளத்து டிரைவருக்கு அது பொறுக்கவில்லை. "இன்னொரு தடவ நடுரோட்டுல நின்னா எடைக்குப் போட்டுருவேன். சொன்னா சொன்னதுதான்."

சொன்னதைச் செய்கிற மனிதர். அக்கா அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

ஆயுத பூஜை

அதனால் பூஜைக்கு முன்னாலேயே அந்தக் காரை என் ஷெட்டுக்கு வரவழைத்தேன். பிளக் மாற்றினேன், பம்பு மாற்றினேன், பேட்டரியைக் கழற்றிக் கழுவினேன். பூஜையன்று ஸ்பானருக்கும் ஜாக்கிக்கும் பொட்டு வைத்த கையோடு, பேட்டரியில் வயர் மாட்டும் இரண்டு குமிழிலும் குழைத்த சந்தனத்தைத் தாராளமாக அப்பி, குங்குமம் வைத்து, அதன்மேலேயே கிளாம்புகளை முடுக்கினேன். பக்தியில் கை கொஞ்சம் நீண்டுவிட்டது. அக்கா எட்டிப் பார்த்துச் சொன்னார்: "என் நெத்தியவிட இதோட நெத்தி லட்சணமா இருக்கே தம்பி!"

கடைசிச் சனிக்கிழமை

புரட்டாசிக் கடைசிச் சனிக்கிழமை காலை. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அந்தப்பக்கம் திருவண்ணாமலை என்றே எங்கள் ஊரில் பேர்கொண்ட குன்றில் இருக்கும் பெருமாளைப் பார்க்க இருவரும் கிளம்பி, ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டும் முன் துளசி மாலை வாங்க நிறுத்தியிருக்கிறார்கள். வண்டி மறுபடி ஸ்டார்ட் ஆகவில்லை. நான் பைக்கில் போய்ச் சேர்ந்தபோது அண்ணாச்சி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தார். தள்ளிவிடலாமா என்றதற்கு, தள்ளி எடுத்த வண்டியில் சாமி பார்க்கப் போகமாட்டேன் என்றுவிட்டார்.

சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். செல்ஃப் மோட்டாரைத் தட்டினேன். வயர்களை அசைத்தேன். ஃபியூஸ்களைப் பிடுங்கிச் செருகினேன். காருக்குள் அதே மெல்லிய பேச்சுச் சத்தம். கோவிந்தா சொல்லிக்கொண்டு ஜனங்கள் நடந்துபோனார்கள். மலை பாதிக்குமேல் மேகத்துக்குள் இருந்தது. என் தலைக்குள்ளும் அதே மேகம்தான், ஒன்றும் பிடிபடவில்லை. பேட்டரியில் மட்டும் நான் கை வைக்கவில்லை. சாமிக்கு வைத்த பொட்டை யாராவது சுரண்டுவார்களா?

ஒரு மணி நேரம் கழித்துத்தான் உறைத்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டு கிளாம்பைக் கழற்றினேன். ஈரமாக இருந்தவரை கரண்டை விட்ட சந்தனம், இப்போது காய்ந்து ஓடுபோலக் குமிழை மூடியிருந்தது. என் கையால் நானே அக்காவின் காரைக் கெடுத்திருக்கிறேன். சுரண்டித் துடைத்து மாட்டிவிட்டு ஜன்னலோரம் போய், "அண்ணாச்சி, வண்டி மேல தப்பில்ல. எல்லாம் நான் வச்ச சந்தனம்" என்றேன்.

அவர் என் விரல் நுனியில் இருந்த சந்தனத் தூளைப் பார்த்தார். பிறகு சிரித்தார். பற்கள் தெரிய அவர் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன். "அப்ப உன்னையத்தான்டே எடைக்குப் போடணும்."

சாவியைத் திருப்பக் கையை நீட்டினேன். அக்கா என் கையை மெல்ல விலக்கினார்.

"செத்த நேரம் பொறுங்க தம்பி. அவிய பட்டாளத்துல பனிக்குள்ள மாட்டிக்கிட்ட கதை பாதியில நிக்குது."

பழைய கார் ஏன் ஸ்டார்ட் ஆகவில்லை என்று ஒரு மணி நேரத்தில் சொல்லிவிடுவேன், எப்போது ஸ்டார்ட் ஆகக்கூடாது என்று தெரிந்துகொள்ளத்தான் எனக்கு இருபது வருடம் ஆயிற்று.