இடது பக்கத்து அரை இஞ்சு

தையல் கடைக்காரியை அந்தத் தெருவில் எல்லோரும் அரையிஞ்சு அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். டேப் எடுக்காமலேயே உடம்பை அளந்துவிடுகிற கண் அவளுக்கு. ஆனால் அளந்ததை வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். இடுப்பு பெருத்தவளிடம் அதைச் சொன்னால் அடுத்த கடைக்குப் போய்விடுவாள். பேசாமல் தையலைப் பிரித்து விட்டால் மறுபடி வருவாள். இருபது வருடத்தில் தெரிந்துகொண்ட தொழில் ரகசியம் இது.

போன மாதம் சுகாதார நிலையத்து நர்ஸம்மா ஒரு கட்டு நோட்டீஸைக் கொண்டுவந்து, வருகிறவர்களிடம் கொடுக்கச் சொல்லிவிட்டுப் போனார். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. அக்கா சும்மா விடுவாளா? அளவு குறிக்க வைத்துக்கொண்டாள்.

இன்று காலை கணக்கு டீச்சரின் சட்டையை மடிக்கும்போது அளவுக் காகிதம் கவிழ்ந்து விழுந்தது. அப்போதுதான் முன்பக்கத்தைப் படித்தாள். புற்றுநோய் எல்லோருக்கும் ஒரே மாதிரி வராதாம். ஆறாத வாய்ப்புண், வாரக்கணக்கில் கம்மிய குரல், காரணமில்லாமல் இளைக்கிற உடம்பு... கடைசி வரியில் கண் நின்றது. ஒரு மார்பு மட்டும் பருத்தாலோ வடிவம் மாறினாலோ, வலி இல்லாவிட்டாலும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஆறு மாதத்துக்கு முன் டீச்சர், “இடது பக்கம் பிடிக்குதுக்கா, துவைச்சதுல சுருங்கிடுச்சு போல” என்று இதே சட்டையைக் கொண்டுவந்தார். அரை இஞ்சு விட்டாள். போன வாரம் மறுபடி அதே குறை, இன்னொரு அரை இஞ்சு. வலது பக்கம் இருந்தபடியே இருந்தது. கண் பார்த்தது, வாய் பேசவில்லை. தன்னைத் தானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

அதன் பிறகு இருப்புக் கொள்ளவில்லை. ஊசியில் நூலைக் கோத்தாள், உருவினாள். ஜெராக்ஸ் கடைக்காரரின் பேன்ட்டை இரண்டு தடவை இடுப்பில் பிடித்துக் கொடுத்தது ஞாபகம் வந்து எதிர்ப்பக்கம் ஓடினாள்.

“அண்ணே, நீங்க எதனால இளைச்சீங்க?”

“சர்க்கரைன்னு டாக்டர் வாயைக் கட்டச் சொல்லிட்டாரும்மா.”

அவருக்குக் காரணம் இருந்தது. டீச்சருக்கு?

வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள்.

“உனக்கு எதுக்கு ஊர் வம்பு? ஒண்ணுமில்லைன்னா அந்தம்மா மூஞ்சியில எப்படி முழிப்பே?”

“இருந்துட்டா?”

அக்கா போனை வைத்தாள். விட்ட ஒரு இஞ்சையும் மறுபடி பிடித்து, பழைய அளவுக்கே தைத்துவிட்டாள்.

சாயங்காலம் டீச்சர் வந்து திரைக்குப் பின்னால் போட்டுப் பார்த்தார்.

“பொத்தானே போட முடியலைக்கா. இன்னும் சுருங்கிடுச்சா?”

“சுருங்கினா ரெண்டு பக்கமும் சுருங்கும் டீச்சர்.” அக்கா இடது பக்கத் தையலைத் தொட்டுக் காட்டினாள். “இடது பக்கம் மட்டும் ஒரு இஞ்சு கூடியிருக்கு. நான் டாக்டர் இல்ல, எனக்குத் தெரிஞ்சது அளவுதான். அதையும் சொல்லாம இருந்துட்டேன்.”

நோட்டீஸை நீட்டினாள். டீச்சர் படித்தார். கண்ணாடியில் தன்னையே வெகுநேரம் பார்த்தார். பிறகு சட்டையைக் கழற்றிக் கொடுத்தார்.

“இதை மறுபடி பிரிச்சு விட்டுடாதீங்கக்கா. நாளைக்கு லீவு போடறேன். கூட வர்றீங்களா?”

“வராம இருப்பேனா?”

நாளை கடை இல்லை என்று ஒரு நோட்டீஸின் ஓரத்தில் எழுதிக் கதவில் ஒட்டினாள் அக்கா. இந்தத் தடவை, அச்சடித்த பக்கம் தெரிகிறபடி.