செம்பருத்தியும் இரண்டு கேமராக்களும்



கீழ்வீட்டு மாமியின் செம்பருத்தி தினமும் திருடுபோகிறது. எங்கள் மயிலாப்பூர் குடியிருப்புக்குச் சுழலும் கேமரா ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சங்கத் தலைவர் என்னிடம் சொல்லியிருந்தார். சோதனைக்காக இரண்டை மாடியில் பொருத்தியிருக்கிறோம்.

விடிந்ததும், கேமராக்களை இணைத்திருந்த என் வீட்டு டிவி முன் உட்கார்ந்தேன். முதல் கேமராவில், வேட்டி கட்டிய யாரோ பூப் பறிப்பது மங்கலாகத் தெரிந்தது. இரண்டாவதைத் திருப்பி முகத்தைப் பெரிதாக்கினேன்.

தலைவர்! கையில் பூக்குடலை.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தேன். அவரேதான்.

சற்று நேரத்தில் தலைவர் பூஜை முடித்து, காதில் செம்பருத்தியோடு என் வீட்டுக்கு வந்தார்.

"எது ஓய் தேவலை?"

"இரண்டாவதுல... முகம் நன்னாத் தெரியறது, சார்."

திரையில் மாமியின் மொட்டைச் செடி பளிச்சென்று நின்றது. பார்த்தார்.

"நமக்கு எதுக்கு ஓய் அவ்வளவு தெளிவு? முதலாவதே போதும்."

நாளை சங்கக் கூட்டத்தில் மாமி முன்வரிசையில் உட்காருவார். நான் எந்தக் கேமராவைச் சொல்லட்டும்?