நானூற்றுப் பன்னிரண்டு ஒட்டு

நூலகத்தின் பேசும் புத்தகப் பிரிவில் எல்லோருக்கும் அவள் எடிட்டரம்மா. சேர்ந்தது என்னவோ தட்டச்சு வேலைக்குத்தான். பதிவறைக் கணினியைத் தொட ஆளில்லாமல் அவள் தலையில் கட்டினார்கள். முட்டி மோதிக் கற்றுக்கொண்டாள்.

பார்வையற்றவர்களுக்காக டீச்சர் ஒருவர் வாசித்த பதிவில் தடுமாற்றங்களை வெட்டிவிட்டு மிச்சத்தை ஒட்ட வேண்டும். ஒட்டியதை முதலில் கேட்பவர், டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர். பிறவியிலேயே பார்வை கிடையாது. காது மட்டும் கத்தி. குறைகளைப் பட்டியல் போட்டு அனுப்புவதால் அவருக்குப் பட்டியல்காரர் என்று பெயர் வைத்திருந்தாள்.

‘இருபதாம் நிமிஷம் டீச்சர் ரெண்டு தடவை மூச்சு இழுக்கறாங்க. உடம்புக்கு ஏதாவதா?’ என்று ஒருமுறை வந்தது. அவளுக்குச் சுருக்கென்றது. அன்றிலிருந்து கிராஸ்ஃபேடில் குறியாக இருந்தாள். ஒரு துண்டு மெல்லத் தேய்ந்து அடங்கும்போதே அடுத்த துண்டு அதன்மேல் மெல்ல எழ வேண்டும். இரண்டு மூச்சு மோதினால் ஒன்றை எடுத்துவிட வேண்டும். “நான் பேசறப்ப மூச்சை எண்ணாதே, பேச்சே வரமாட்டேங்குது” என்று வீட்டுக்காரர் கும்பிடு போட்டார்.

அப்போதுதான் ஒரு பெரிய நாவலில் கடைசி இரண்டு அத்தியாயம் பாக்கியிருக்கையில், வாசிக்கும் டீச்சர் படியில் விழுந்து முன்பல் போனது. பல் கட்டிக்கொண்டு வந்தும் ‘ச’ வரும் இடமெல்லாம் விசில்.

“முழுசும் மறுபடி படிச்சுடட்டுமா?”

“வேண்டாம் டீச்சர். நீங்க மிச்சத்தைப் படிங்க. விசிலை நான் பாத்துக்கறேன்.”

முன் அத்தியாயங்களில் தேடி, அதே சொல் கிடைத்தால் சொல்லையும், கிடைக்காவிட்டால் ‘ச’வை மட்டும் எடுத்து, விசிலடித்த இடங்களில் பதித்தாள். இரு பக்கமும் இம்மியளவு கிராஸ்ஃபேட். ஒட்டு தெரியாமலிருக்க, பதிவறையின் வெறும் இரைச்சலைத் தனியே பிடித்து அடியில் ஓடவிட்டாள். மூன்று வாரம் பிடித்தது.

பட்டியல் வரவில்லை, போன் வந்தது.

“டீச்சருக்குப் பல்லு போச்சாமே. புத்தகத்துல எந்த இடம்?”

“நீங்கதான் சொல்லணும்.”

“மூணு தடவை கேட்டுட்டேன். முப்பதாம் அத்தியாயம் ஆரம்பம்?”

“அது பல்லு இருந்தப்ப படிச்சது.”

“எத்தனை இடம்மா?”

“நானூத்திப் பன்னெண்டு.” நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்.

“அடேங்கப்பா! நான் தோத்துட்டேம்மா.”

போனை வைத்த கையோடு நூலகரின் அறைக்குப் போனாள். புத்தகத்தின் முடிவில் வாசித்தவர் பெயரோடு ஒலித்தொகுப்பு என்று தன் பெயரும் வர வேண்டும் என்றாள்.

நூலகர் நிமிர்ந்து பார்த்தார். “நீங்க வேலை செஞ்சதே யாருக்கும் தெரியலையேம்மா?”

“அதனாலதான் சார் கேக்கறேன்.”

அன்று மதியமே டீச்சர் அந்த வரியைப் படித்துக் கொடுத்தார்.