அமீனாவுக்கு வந்த அழைப்பு

ஊரைப் பயமுறுத்தியே சம்பளம் வாங்கிய ஒருவருக்கு, அதே வித்தையைத் தன்னிடம் காட்டியவனை ஏன் அடையாளம் தெரியாமல் போயிற்று? அவருடைய மகளுக்கு இந்தக் கேள்வி இன்றுவரை தீரவில்லை.

அவரை எல்லோரும் பதவிப் பெயரால் அமீனா என்றுதான் அழைத்தார்கள். நீதிமன்ற உத்தரவோடு வீடு வீடாகப் போய்ப் பொருள்களை ஜப்தி செய்கிற வேலை. அவர் ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பெயர் ஓய்வு பெறவில்லை. கை ஓங்கியதில்லை, குரலை உயர்த்தியதில்லை என்பதில் பெருமை உண்டு. சாப்பிடும்போது சிறு வயது மகளுக்குத் தொழில் நுணுக்கம் சொல்வார். கதவு திறந்ததும் முதல் வார்த்தை, "உட்காராதீங்க." நிற்கிறவனுக்கு யோசனை ஓடாது. அடுத்து, அண்ணன் மச்சான் என்று யாரையும் கூப்பிட விடக்கூடாது. எவனாவது கேள்வி கேட்டால் பதில் சொல்லாமல் சும்மா பார்க்க வேண்டும். அவனே மன்னிப்புக் கேட்பான். ஒரு வீட்டில் தொட்டிலையும் தூக்கி வந்த கதையைச் சிரித்துக்கொண்டே சொல்வார். "குழந்தைய ஜப்தி பண்ணலியேன்னு சந்தோஷப்படும்மான்னேன்." தொட்டிலைத் தொடச் சட்டத்தில் இடமில்லை என்பது அவருக்குத் தெரியும். அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. மனைவி மட்டும் அந்தக் கதைக்குச் சிரித்ததில்லை.

மகள் மருந்துக் கடையில் வேலை பார்த்தாள். ஏமாந்தவர்களின் கதைகள் தினமும் அவள் காதில் விழும். எந்த ஆபீசும் போனில் கைது பண்ணாது, மிரட்டினால் வைத்துவிட்டுத் தன்னைக் கூப்பிடுங்கள் என்று பெற்றோரிடம் சொல்லி வைத்திருந்தாள். "உத்தரவுன்னா முத்திரையோட கையில வரணும். அத ஊருக்கே குடுத்தவன் நான். எனக்கே பாடமாடி?" என்றார் அமீனா.

மனைவிக்கு அப்போது இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. தாங்கிப் பிடித்தால் நாலடி நடப்பாள். இன்னொரு தடவை விழுந்தால் எழவே மாட்டாள் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். பகலில் தாங்குவது அமீனாவின் பொறுப்பு.

அழைப்பு காலையில் வந்தது. சுங்கத்துறை என்றது குரல்; அவர் பெயரில் போதைப் பொட்டலம் பிடிபட்டிருக்கிறதாம். கதவைத் தாழிட்டு, போனில் கேமராவைப் போடச் சொன்னது. அந்தப் பக்கம் இருட்டு. இந்தப் பக்கம் அமீனா முழுதாகத் தெரிய வேண்டும். அவர் நாற்காலியை இழுத்தார்.

"உட்காராதீங்க."

நின்றார். யாரையும் கூப்பிட்டால் அவர்களும் உள்ளே போவார்கள் என்றது குரல். உத்தரவு நகல் கிடைக்குமா என்று ஒரே ஒருமுறை கேட்டுப் பார்த்தார். பதில் வரவில்லை. அந்த மௌனம் நீண்டுகொண்டே போக, அமீனா மன்னிப்புக் கேட்டார். பிற்பாடு வாக்குமூலத்தில் இதையெல்லாம் அவரே ஒன்று விடாமல் சொன்னார், ஒரு தொழில்காரர் இன்னொருவரின் வேலையை விவரிப்பதுபோல.

பக்கத்து அறையிலிருந்து மனைவி கூப்பிட்டாள். "என்னங்க, கொஞ்சம் வாங்க."

"யாரது?" என்றது குரல்.

"யாரும் இல்ல சார்."

கதவு மெல்லியது. அவள் காதில் விழுந்தது. இன்னும் இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்தாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு தானே எழுந்தாள். விழுந்த சத்தம் அவருக்கும் கேட்டது. போய்ப் பார்த்துவிட்டு வரட்டுமா என்று அனுமதி கேட்டார். விசாரணை முடியட்டும் என்றது குரல். நின்றார். அதற்குள், குரல் சொன்ன இடத்துக்கெல்லாம் அவரே பணம் அனுப்பி, வங்கிக் கணக்கு துடைத்து வைத்தாற்போல் ஆகியிருந்தது.

மதியம் மகள் வந்தபோது அம்மா தரையில் கிடந்தாள். அப்பாவின் அறைக் கதவில் மகள் மோதிய வேகத்தில் தாழ்ப்பாள் பிடுங்கிக்கொண்டது. போனைப் பறித்துக் காதில் வைத்தாள். "யார் உள்ள வந்தது? யாரும் உட்காராதீங்க" என்றது குரல்.

அம்மா அதன்பின் எழவில்லை. டீ வேண்டுமா என்று மகள் கேட்டால், "யாருமில்லாத ரூமுக்கு எதுக்குடி டீ?" என்பாள். அமீனா தினமும் அவளுக்குத் துடைத்து, துணி மாற்றிவிட்டார். அவரிடம் அவள் ஒரு வார்த்தை பேசுவதில்லை.

சில மாதங்கள் கழித்துக் காவல் நிலையத்திலிருந்து அழைப்பு. மகள் அதையும் நம்பாமல் வைத்துவிட்டு, நேரில் போய் விசாரித்தாள். உண்மைதான். ஆள் சிக்கியிருந்தான். அப்பாவை அழைத்துப் போனாள்.

"ஐயா, பணம் குடுத்தது நீங்க. நீங்க குரல அடையாளம் சொன்னாத்தான் கேஸ் நிக்கும். இல்லேன்னா இவன விட்டுடணும்" என்றார் இன்ஸ்பெக்டர்.

அவனைப் பேசச் சொன்னார்கள். தலையைக் குனிந்தபடியே சொன்னான். "உட்காராதீங்க."

மகளுக்குச் சந்தேகமே இல்லை. அதே குரல். பக்கத்து நாற்காலியிலிருந்த அமீனா எழுந்து நின்றுவிட்டார். அவனையே சற்று நேரம் பேசாமல் பார்த்தார்.

"இவரு இல்ல" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மகள் நடந்ததைச் சொன்னாள். மனைவி, விழுந்த நாளுக்குப் பிறகு முதல் முறையாக, அவர் முகத்தைப் பார்த்து, ஏன் அவனை விட்டீர்கள் என்று கேட்டாள். அவர் தண்ணீரும் துணியும் எடுத்துவரப் போனார். சாகும்வரை அவர் அதைச் சொல்லவில்லை.