இடது தோளுக்கு ஒரு துவக்கு

சுடும்போது துவக்கு பின்னுக்கு உதைக்கிற உதையை வாங்குவது வலது தோள். பிடங்கின், அதாவது துவக்கின் பின்கட்டையின், அடி வாகாகக் குந்துகிற அந்தக் குழியில்தான், காறையெலும்புக்குக் கீழே, ஜென்சிக்குக் கீமோ ஏற்றுகிற போர்ட்டை வைத்திருந்தார்கள். தோலுக்குள் ஒரு கோட்டுப் பொத்தான் அளவில் துருத்திக்கொண்டிருக்கும். அதில் ஒரு தடவை துவக்கு உதைத்தால் போதும், பிறகு ஆஸ்பத்திரிதான்.

"அப்ப இந்த வருசம் வேட்டையை விடு," என்றார் கணவர் எட்மன்.

"இடது தோள் சும்மாதானே கிடக்குது," என்றாள் ஜென்சி.

மன்னாரில் பிறந்து, மொன்ட்ரியாலின் பியர்பொன்ட்ஸில் மஞ்சள் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள் அவள். பஸ் திருத்துகிற றூபன்தான் முதல் முதல் அவளை மான் வேட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனவன். குளிரில் அரை நாள் தாக்குப்பிடிப்பாளோ என்று அவனுக்குச் சந்தேகம். அவள் பொழுதுபட்ட பிறகுதான் மரத்தடியை விட்டு எழும்பினாள். பிரெஞ்சில் நடந்த வேட்டைப் பரீட்சையை ஒரே தரத்தில் பாஸ் பண்ணினாள். அதன் பிறகு ஒவ்வொரு நவம்பரும் ஊத்தவே என்கிற பகுதிக் காட்டில் அவளுக்கென்று ஓர் இடம் இருந்தது. ஓடுகிற மானுக்குச் சுடமாட்டாள். பற்றைக்குள் பாதி தெரிகிற மானுக்கும் சுடமாட்டாள். "ஜென்சி அக்கா வெடி வைச்சால் கத்தியைத் தீட்டலாம்," என்று றூபன் சொல்லித் திரிவான். ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குச் சனம் எட்மனைச் சூழ்ந்துகொள்ளும். "மனுசி என்ன கேட்டாலும் ஓம் எண்டு சொல்லிப்போடு அண்ணை, வீட்டில துவக்கு நிக்குது!"

இந்த வசந்தத்தில் குடலில் புற்றுநோய் என்றார்கள். கோடையில் ஈரலுக்கும் போய்விட்டது என்றார்கள். மருந்து அதைப் பிடித்து வைத்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். எவ்வளவு காலம் என்று அவர் சொல்லவுமில்லை, அவள் கேட்கவுமில்லை. அடுத்த நவம்பரைப் பற்றி அவளோடு யாரும் கதைக்கவில்லை. அதனால் இந்த நவம்பர் அவளுக்கு வேண்டியிருந்தது.

ஒக்டோபரில் தமக்கை அஞ்சலீனாவைக் கூட்டிக்கொண்டு துவக்குக் கடைக்குப் போனாள். அஞ்சலீனாவுக்குத் துவக்கு என்றாலே பயம். கடைக்குள் நுழைந்ததும் கையிரண்டையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

"ஒண்டும் கடிக்காது அக்கா."

"நீ உன்ர அலுவலைப் பார். நான் மீன் தூண்டில் பார்க்கிறன்."

கடைக்காரப் பெடியன் முதலில் எடுத்துத் தந்தது பஞ்சு மாதிரி இருந்தது. காட்டில் காவ அதுதான் சுகம். ஆனால் பாரம் குறையக் குறைய உதை கூடும் என்பது ஜென்சிக்குத் தெரியும். அடுத்தது பாரம் சரி, பிடங்கு நீளம். கன்னத்தை வைத்தால் ஸ்கோப்புக்குள் பாதி இருட்டு. மூன்றாவது இடக்கைக்காரருக்கென்று செய்தது. ரவையை உள்ளே தள்ளுகிற போல்ற் இடது பக்கம் இருந்தது. கட்டைப் பிடங்கு, அடியில் தடித்த றப்பர். 243 என்கிற சின்ன ரவை. பழைய துவக்கின் உதையில் பாதிகூட வராது, ஆனால் நூறு யார் தூரத்தில் மானைக் கிடத்தப் போதும். வலது கண்ணை மூடி, இடது கண்ணால் சுவரிலிருந்த மான் தலையின் மூக்கைக் குறியில் பிடித்தாள். அசையாமல் நின்றது.

"விசை இறுக்கமாய் இருக்கோ?" என்று பெடியன் கேட்டான்.

"கொஞ்சம். என்ர கைக்கு இப்ப பலம் காணாது."

அவன் சின்னச் சாவியால் ஏதோ முறுக்கி விசையை இலேசாக்கிக் கொடுத்தான். வெறுந்துவக்கில் இழுத்துப் பார்த்தாள். டிக் என்று விழுந்தது. சந்தோசப்பட்டாள்.

அவளுக்கு ஏற்றுகிற கீமோ மருந்துக்கு ஒரு குணம் உண்டு. குளிர்ந்ததைத் தொட்டால் விரல்களில் ஊசி குத்தும். குளிர்சாதனப் பெட்டிக்குள் கைவிடப் பயந்து கையுறை போட்டுத்தான் பால் எடுப்பாள். குத்துகிறவரைக்கும் விரல் உயிரோடுதான் இருக்கிறது என்று நினைத்திருந்தாள். பிறகு பிறகு ஊசி குத்துவது குறைந்துகொண்டு வந்தது. சுகப்பட்டு வருகிறது என்று எண்ணிக்கொண்டாள்.

அடுத்த சனிக்கிழமை தமக்கையும் தங்கையுமாக லவால் நகருக்கு அப்பாலுள்ள சுடுதிடலுக்குப் போனார்கள். தரையில் உறைபனி. சிவப்புத் தொப்பி போட்ட கிழவர் ஒருவர் திடலுக்குப் பொறுப்பு. அவர் மணி அடித்தால் எல்லோரும் துவக்கைத் திறந்து மேசையில் வைத்துவிட்டுக் கையை எடுக்க வேண்டும்.

ஜென்சி மண்மூட்டைகளில் துவக்கை இருத்தினாள். போல்ற்றைக் கழற்றி, குழலுக்குள்ளால் எட்டிப் பார்த்து, இருபத்தைந்து யார் தூரத்தில் குத்தியிருந்த குறித்தாளின் நடுவைக் குழலுக்குள் பிடித்தாள். பிறகு ஸ்கோப்பையும் அதே நடுவுக்குத் திருப்பினாள். ஒரு வெடி. தாளில் விழுந்தது. மணி அடித்ததும் தாளை நூறு யாருக்குக் கொண்டுபோய்க் குத்திவிட்டு வந்தார்கள். ஜென்சி மூன்று வெடி வைத்தாள்.

அஞ்சலீனாவின் வேலை, முக்காலியில் நின்ற தூரக்கண்ணாடியால் ஓட்டை எங்கே என்று பார்த்துச் சொல்வது.

"கீழ. இடப்பக்கம். மூண்டும் கிட்டக் கிட்ட."

"எவ்வளவு கீழ?"

"எனக்கு எப்பிடித் தெரியும்? ஒரு ரொட்டி அகலம்."

"என்ன ரொட்டி, உன்ர ரொட்டியோ கடை ரொட்டியோ?"

"வாய் குறையேல்லை உனக்கு."

மணி அடித்ததும் ஜென்சி அடிமட்டத்தோடு நடந்துபோய் அளந்தாள். திரும்பி வந்து ஸ்கோப்பின் மேல் திருகையும் பக்கத் திருகையும் கிளிக் கிளிக்காகத் திருப்பினாள். குழல் சூடாயிருக்கும்போது சுட்டால் குறி பொய் சொல்லும். அதனால் பிளாஸ்க்கிலிருந்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு காத்திருந்தாள். இடது தோள் நோகவில்லை. போர்ட்டுக்கு ஒன்றும் இல்லை. எல்லாம் அவள் போட்ட கணக்குப்படியே நடந்தது.

அடுத்த மூன்று வெடிகள்தான் முடிவு சொல்ல வேண்டியவை. முதல் வெடி, மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, விசையை மெல்லமெல்லப் பின்னுக்கு எடுத்தபோது வெடித்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதற்குக் கன்னத்தை வைத்தாள். விரலை விசைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூச்சை இழுத்தாள். அவள் இன்னும் மூச்சு விடவில்லை. துவக்கு வெடித்தது.

"ஜென்சி!" அஞ்சலீனா கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமலே கத்தினாள். "மூண்டும் ஒரு சில்லறைக் காசால மறைக்கலாமடி! கடைசி நட்ட நடு! எட்மனுக்குப் படம் எடுத்து அனுப்பு!"

பக்கத்து மேசைக்காரன் எட்டிப் பார்த்துவிட்டுப் பெருவிரலைக் காட்டினான். கிழவரும் வந்து பார்த்து, "பிராவோ, மதாம்," என்றார்.

ஜென்சி போல்ற்றைத் திறந்து வெறும் ரவைக்கோதை வெளியே தள்ளினாள். மேசையை விட்டு ஓரடி தள்ளி நின்றாள்.

"அது நான் வைச்ச வெடி இல்லை," என்றாள் தமிழில்.

"என்ன?"

"கடைசி வெடி. நான் இன்னும் விசையைத் தொடேல்லை எண்டு நினைச்சன்."

"நடுவிலதானே பட்டிருக்கு."

"எங்க பட்டாலும் நான் வைச்ச வெடி இல்லை அக்கா."

மெல்லிய கையுறையைக் கழற்றி இடது கையை நீட்டினாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"சுட்டுவிரல் நுனியைத் தொடு."

சிறிது நேரம் போனது. பக்கத்து மேசையில் யாரோ ரவைப் பெட்டியைத் திறக்கிற சத்தம் கேட்டது.

"தொடன் அக்கா."

"தொட்டுக்கொண்டுதான் நிக்கிறன்."

கண்ணைத் திறந்தாள். அஞ்சலீனா அந்த விரலை இரண்டு விரல்களால் இறுக்கிப் பிடித்திருந்தாள். நகம் வெளுத்துப் போயிருந்தது. வலது கையை நீட்டினாள். அதுவும் அப்படித்தான்.

"குளிர்தானே," என்றாள் அஞ்சலீனா. "காருக்குள்ள போய்ச் சூடாக்குவம். பேந்து சரிவரும். ஒருத்தருக்கும் சொல்லத் தேவையில்லை."

"நவம்பரில காடு இதைவிடக் குளிர்."

"விசையை இறுக்கித் தரச் சொல்லுவம்."

"இறுக்கினாலும் விரல் எங்க நிக்குது எண்டு எனக்குத் தெரியாது. எனக்கு முன்னால றூபன் நடப்பான். அவனுக்கு இரண்டு பிள்ளையள்."

அஞ்சலீனா தூரக்கண்ணாடியைக் கழற்றி முக்காலியை மடித்தாள். ஜென்சி துவக்கைத் துடைத்தாள். போல்ற்றைக் கழற்றித் துணியில் சுற்றினாள். விசைக்குப் பூட்டுப் போட்டு, பெட்டியில் வைத்து, அதையும் பூட்டினாள். பூட்டுகளைக் கண்ணால் பார்த்துப் பார்த்துத்தான் பூட்ட வேண்டியிருந்தது.

திரும்பி வரும்போது அஞ்சலீனா கார் ஓட்டினாள். ஜென்சி றூபனுக்குப் போன் எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்ன அக்கா, மான் எல்லாம் உயிர்ப்பிச்சை கேட்டு உங்களுக்குக் கடிதம் எழுதுதாம்!"

"றூபன், நான் இந்த முறை வரேல்லை."

"எட்மன் அண்ணை விடேல்லையோ? நான் வந்து கதைக்கிறன்."

ஓம் என்றிருந்தால் போதும், அவன் நம்பியிருப்பான். ஊரே நம்பியிருக்கும்.

"அவரில்லை. என்ர விரலுக்கு உணர்ச்சி இல்லை. இண்டைக்குத் துவக்கு தன்பாட்டில வெடிச்சது."

மறுபக்கம் றூபன் ஸ்பனரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"துவக்கு இல்லாமல் வாங்கோ அக்கா. சும்மா என்னோட இருங்கோ."

"சும்மா இருக்கிறதுக்கு வீடு இருக்கு. பூசைக்கு வாற றொசானைக் கேள். அவன் அவசரப்பட்டுச் சுடுறவன் இல்லை."

"அவனை எங்க இருத்த?"

"என்ர இடத்தில."

அவள் சொல்லிக்கொண்டே போனாள்: விழுந்த மரத்துக்கு இடப்பக்கம் இருக்க வேண்டும், காற்று மேற்கிலிருந்து வந்தால் அங்கே இருக்கவே கூடாது, ஓடைப் பக்கம் மான் வந்தால் அது தலையைக் குனியும்வரை கையை அசைக்கக் கூடாது. றூபன் ஒவ்வொன்றுக்கும் ஓம் என்றான். பாலம் வந்தது, ஆற்றுக்கு அந்தப் பக்கம் மொன்ட்ரியால் தெரிந்தது. அவள் இன்னும் சொல்லி முடிக்கவில்லை.